பதினேழு மன்னிப்புகள்

மொந்தேவீதேயோவின் பழைய நகரில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே
கடல் போல் நடித்துக்கொண்டிருக்கும் ஆறு.
உள்ளே மேசை, கணினி,
ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி.
தெரியாத பக்கத்தில் நான்,
குறிப்பெடுப்பவள்.

நான்கு மணிக்கு நெல்சன் எச்செவெரி வந்தார்.
எரிவாயு உருளை சுமந்து இருபத்திரண்டு வருடம்.
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
"பரீட்சை உங்களுக்கில்லை, எங்கள் தளத்துக்குத்தான்"
என்றாள் யனீனா.
வந்தவர்கள் எல்லோரையும் போல
அவரும் நம்பவில்லை.
காலரைச் சரிசெய்துகொண்டார்.

கொடுத்த வேலை சின்னது.
முதுகுவலிக்கு விடுப்புப் பணம் கேட்டு
ஒரு படிவம்.

அடையாள எண்ணில் புள்ளி வைத்தார், கோடு வைத்தார்,
அட்டையில் அச்சடித்திருந்தபடியே.
சிவப்பில் பதில் வந்தது: தவறான எண்.
"பெர்தோன்" என்றார்.
யனீனாவிடம் அல்ல, திரையிடம்.
மன்னிக்கணும் என்று ஒரு மனிதர்
கண்ணாடிச் சில்லிடம் சொல்வதை
நான் ஒரு கோடாக இழுத்துவைத்தேன்.

சாம்பல் மேல் சாம்பலாய் எழுத்து.
மூக்கு திரையைத் தொடக் குனிந்தார். பெர்தோன்.
பிறந்த ஆண்டைப் பட்டியலில் உருட்டிப் போகையில்
விரல் நழுவி 1938இல் நின்றது.
"அது எங்கப்பா பிறந்த வருஷம்" என்று சிரித்து,
பெர்தோன்.
எங்கோ வழி தவறி, உலாவியின் பின்னம்பை அழுத்தினார்.
வந்த வழியே திரும்பலாம் என்றுதானே
அந்த அம்பு எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறது.
பக்கம் வெறுமையாய்த் திரும்பி வந்தது.
இருபது நிமிடம்,
ஆற்றில் கரைத்த புளி.

மறுபடி நிரப்பினார், மெதுவாக, கடைசி வரை.
அடியில் இரண்டு பட்டன்கள்,
ஒரே நிறம், ஒரே அகலம், ஒட்டிப் பிறந்தவை.
ஒன்று 'அனுப்பு'. மற்றது 'அழி'.
உருளை தூக்கிக் காய்த்த விரல்
இரண்டுக்கும் நடுவில் இறங்கியது.

வெள்ளை.

அவர் கத்தவில்லை.
மாத்தேயை ஓர் இழுப்பு இழுத்தார்,
காலிக் குழல் கரகரத்தது.
"நான் ஒரு மக்கு. இதெல்லாம் என் மகளுக்குத்தான் வரும்.
பெர்தோன்."
பதினேழாவது கோடு.

அந்த 'அழி' பட்டனை வைத்தவள் நான்.
ஆறு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை.
யாரும் கேட்கவில்லை.
வலது பக்கம் காலியாக இருந்தது,
எனக்கு உறுத்தியது.
வேறு காரணம் இருந்திருந்தால்
இங்கே எழுதியிருப்பேன்.

அதை எடுக்க ஏழு வாரம் ஆனது.
"இத்தனை வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லையே"
என்றான் ஃபப்ரீசியோ.
கோடுகளைக் காட்டினேன்.
புகார் சொல்கிறவர்கள் நம்மைத் திட்டுவார்கள்.
இவர்கள் தங்களையே திட்டிக்கொண்டு
பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பட்டன் போனது. எழுத்து கறுத்தது.
ஆண்டை இனித் தட்டினால் போதும்.
புள்ளியோ கோடோ எப்படியும் எழுதட்டும்,
பொறுக்கிக்கொள்வது எந்திரத்தின் பாடு.
பின்னம்புக்கு ஞாபகசக்தி கொடுக்கத்தான்
ஃபப்ரீசியோ இரண்டு இரவு தூங்கவில்லை.
மேலாளர் மரிசெலின் அறிக்கையில் ஒரே வரி:
சிறு திருத்தங்கள்.

நவம்பரில் நெல்சனையே மறுபடி அழைத்தோம்.
விதிப்படி புது ஆள்தான் வர வேண்டும்.
நான்தான் அடம்பிடித்தேன்.
பதினொரு நிமிடம். அனுப்பு.
"அவ்வளவுதானா?" என்றார்
ஏமாந்தவர் போல.
என் தாளில் ஒரு கோடும் இல்லை.

எழும்போது முழங்கை பட்டுக் குடுவை சாய்ந்தது.
மேசையெல்லாம் வெந்நீர்,
விசைப்பலகையின் இடுக்கில் மாத்தே இலை.
"பெர்தோன்! பெர்தோன்!"
யனீனா துணி தேடி ஓடினாள்.
நான் பென்சிலை எடுத்தேன்.
இது நியாயமான பெர்தோன்,
இவருடைய கைப்பிழைதான், எழுதலாம்.

ஆனால் அந்த மேசை,
ஒரு குடுவை வைக்க இடமில்லாத அந்த மேசை,
அதை வாங்கிப் போட்டது யார்?